தூய்மை, விலக்கு, சேய்மை: இஸ்லாமிய வழக்கில் ஜெருசலேம் நகரின் பெயர்கள்

இஸ்லாமியச் சமய வழக்கில் மக்காவையும் மதீனாவையும் அடுத்து வைத்து எண்ணப்படும் நகரம் ஜெருசலேம். தமிழில் இம்மூன்றும் ‘புனித நகரங்கள்’ என்று ஒரே அடைமொழியால் சுட்டப்படுகின்றன. புனித மக்கா, புனித மதீனா, புனித ஜெருசலேம் என எழுதும்போது மூன்றின் புனிதமும் ஒரே தன்மையது, அளவில் மட்டுமே வேறுபட்டது என்ற எண்ணம் வாசகர்க்கு ஏற்படுகிறது. அரபு மூலங்களில் நிலைமை அவ்வாறில்லை. அங்கே இடங்களின் சிறப்பு வெவ்வேறு வேர்ச்சொற்களால் குறிக்கப்படுகிறது. அவ்வேர்கள் ஒன்றுக்கொன்று எளிதில் மாற்றாக வருவதில்லை. இஸ்லாத்தில் ஜெருசலேமுக்குரிய இடம் யாது என்னும் வினாவின் விடை, அந்நகருக்கு எந்தச் சொல் ஆளப்பட்டது, எந்தச் சொல் மறுக்கப்பட்டது என்பதில் பெரிதும் அடங்கியுள்ளது.

குர்ஆனின் சொல்லாட்சி

ஜெருசலேம் என்னும் பெயரோ, பிற்காலத்தில் அந்நகருக்கு வழங்கிய அரபுப் பெயர்களோ குர்ஆனில் இடம்பெறவில்லை. நபிகள் நாயகத்தின் இரவுப் பயணத்தைக் கூறும் 17ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம், அல் மஸ்ஜிதுல் ஹராம் என்னும் இடத்திலிருந்து அல் மஸ்ஜிதுல் அக்ஸா என்னும் இடத்திற்கு நிகழ்ந்த பயணமாக அதனைச் சொல்கிறது. பின்னதன் சுற்றுப்புறம் இறைவனின் அருள்வளம் பெற்றது என்பது மட்டுமே அவ்விடத்திற்கு அங்குத் தரப்படும் அடையாளம்.

இரு தொடர்களிலும் தலைச்சொல் ‘மஸ்ஜித்’. ஸ-ஜ-த என்னும் வேரடியாகப் பிறந்த இடப்பெயர் இது. நெற்றி நிலம்பட வணங்கும் இடம் என்பது அதன் நேர்ப்பொருள். கட்டடம் என்ற பொருட்கூறு இச்சொல்லின் உள்ளே இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழிபாட்டிடம் என்ற பொருட்கூறும் இல்லை. அதே அத்தியாயத்தின் 7ஆம் வசனம் இஸ்ரவேலரின் ஆலயத்தையும் ‘மஸ்ஜித்’ என்றே குறிக்கிறது. வேறுபாடு அடைகளில்தான் உள்ளது. ‘ஹராம்’ என்பது ஹ-ர-ம வேரினது. அவ்வேரின் அடிப்படைப் பொருள் விலக்கு, தடை. வேட்டையாடுதல், மரம் வெட்டுதல், குருதி சிந்துதல் ஆகியன விலக்கப்பட்ட எல்லைக்குள் உள்ள தொழுமிடம் என்பதே முதற்தொடரின் கருத்து. ‘அக்ஸா’ அவ்வகைச் சொல்லன்று. சேய்மை குறிக்கும் வேரிலிருந்து ஒப்புயர்வு வாய்பாட்டில் அமைந்தது அது. 30ஆம் அத்தியாயத்தில் உரோமர் தோல்வியுற்ற நிலத்தைக் குறிக்க வரும் ‘அத்னா’ (மிக அண்மையது) என்பதற்கு எதிர்முனையானது. புனிதம் என்ற பொருளின் சாயலும் அச்சொல்லில் இல்லை. எதிலிருந்து சேய்மை என்று கேட்டால், மக்காவிலிருந்து என்பதே விடை. பேசுவோன் நிற்குமிடத்தைத் தன்னுள் கொண்ட சுட்டுப்பெயர் அது. ஜெருசலேமில் வாழும் முஸ்லிம் தம் தெருமுனையில் உள்ள இடத்தை ‘மிகத் தொலைவிலுள்ளது’ என்று அழைக்கும்போது, மக்காவில் நின்று தம் ஊரைப் பார்க்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது வேர் க-த-ஸ. தூய்மை என்பது இதன் பொருள். குர்ஆனில் இவ்வேர் நிலத்திற்கும் (5:21 இல் வரும் தூய நிலம்), மூசா நபி செருப்பைக் கழற்றுமாறு பணிக்கப்பட்ட துவா பள்ளத்தாக்கிற்கும், தூய ஆவிக்கும், இறைவனின் திருப்பெயருக்கும் அடையாக வருகிறது. மஸ்ஜித் என்னும் சொல்லுக்கு அடையாக வருவதில்லை. அருள்வளம் குறிக்கும் ப-ர-க வேர் மட்டுமே இரு தலங்களுக்கும் பொதுவாக நிற்கிறது; 3:96 இல் மக்காவின் ஆலயத்திற்கும் அது ஆளப்பட்டுள்ளது. ஆக, மக்கா விலக்குடையது, வளமுடையது, அக்ஸாவின் சுற்றுப்புறம் வளமுடையது, அந்நிலப்பகுதி தூயது. தமிழாக்கத்தில் ‘புனித’ என்ற ஒரே சொல் இவை அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

‘மிகச் சேய்மையிலுள்ள தொழுமிடம்’ எது என்பதில் 20ஆம் நூற்றாண்டின் மேலை ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்பினர். அது தொடக்கத்தில் வானுலகத் தொழுமிடத்தைச் சுட்டியிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. முஸ்லிம் உரைமரபு இவ்வையத்தை ஏற்கவில்லை. தபரீ (இறப்பு 923) தம் பேருரையில் அது பைத்துல் மக்திஸில் உள்ள மஸ்ஜிதே என முடிவுகட்டுகிறார். நபிகள் நாயகம் அங்குச் சென்று, முன்னைய நபிமார்க்குத் தொழுகை நடத்தி, அங்கிருந்தே வானேறினார் என்பது மரபின் உறுதியான நம்பிக்கை. நகரின் சமயப் பெருமைக்கு முதற்காரணம் இதுவே.

கட்டடத்தின் பெயர் நகரின் பெயராதல்

இரண்டாவது காரணம் கிப்லா, அதாவது தொழுகையின் திசை. மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபின் நபிகள் நாயகமும் தோழர்களும் 16 அல்லது 17 மாதங்கள் பைத்துல் மக்திஸ் நோக்கித் தொழுதனர் என்பது புகாரீயின் தொகுப்பில் உள்ள செய்தி. ஹிஜ்ரீ 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) திசை மக்காவின் கஅபாவுக்கு மாற்றப்பட்டது. மாற்றத்தைப் பேசும் குர்ஆன் வசனங்கள் (2:142-150) முந்தைய திசையின் பெயரைச் சொல்லவில்லை. அதனைத் தருவது ஹதீஸ்.

‘பைத்துல் மக்திஸ்’ அரபுச் சொற்களால் ஆனதாயினும் எபிரேயத்தின் ‘பேத் ஹம்மிக்தாஷ்’ என்பதன் நேர்இணை. எபிரேயத்தில் அது சாலொமோன் கட்டியதும் பின்னர் இடிந்ததுமான ஆலயத்தின் பெயர். ‘தூய்மையின் இல்லம்’ எனலாம். அரபு வழக்கில் அது ஆலயம் நின்ற இடத்தைக் குறித்து, விரைவிலேயே நகர் முழுவதற்கும் பெயராயிற்று. கோயிற்பெயர் ஊர்ப்பெயராதல் தமிழ்ப் புலமையாளர்க்குப் புதிதன்று. இவ்விடத்தில் வியப்பது வேறொன்று: இடிந்து கிடந்த ஆலயத்தின் பெயர், அந்த ஆலயத்தைக் கட்டியவரல்லாத ஒரு சமயத்தாரின் நாவில் உயிர்ப்புடன் நிலைபெற்றது. யூதர்கள் இன்றும் அம்மேட்டினை ‘ஹர் ஹபைத்’, அதாவது ‘இல்லத்தின் மலை’ என்கின்றனர். அரபின் ‘பைத்’தும் எபிரேயத்தின் ‘பைத்’தும் ஒரே செமித்தியச் சொல்.

இப்பெயருக்கு அரபிலேயே இரு வாசிப்புகள் உண்டு. ‘மக்திஸ்’ என வாசித்தால் இடப்பெயர். ‘முகத்தஸ்’ என வாசித்தால் செயப்பாட்டு எச்சம், ‘தூய்மையாக்கப்பட்ட’ என்பது. பின்னதை ஏற்போர்க்கு ஓர் இலக்கணச் சிக்கல் எழுகிறது. பெயரடையாயின் ‘அல் பைத்துல் முகத்தஸ்’ என்று முதற்சொல்லும் சுட்டிடைச்சொல் ஏற்றிருக்க வேண்டும். ‘பைத்துல் முகத்தஸ்’ என்பது வேற்றுமைத்தொடராகி, ‘தூய்மையாக்கப்பட்டதன் இல்லம்’ என நிற்கிறது. அரபு நூற்றலைப்புகளில் மூன்று வடிவங்களும் காணப்படுகின்றன. 10ஆம் நூற்றாண்டில் இந்நகரிற் பிறந்த புகழ்மிக்க புவியியலாளரின் ஊர்ப்பெயர்கூட முகத்தஸீ என்றும் மக்திஸீ என்றும் இருவகையாக எழுதப்படுகிறது. தமிழ் முஸ்லிம்களிடையே வழங்குவது ‘முகத்தஸ்’ வடிவம். பாரசீகத்திலும் உருதுவிலும் பெருவழக்காக உள்ளதும் அதுவே.

சமயப் பெயர் இவ்வாறிருக்க, ஆட்சிப்பெயர் வேறாக இருந்தது. உரோமப் பேரரசன் ஹேட்ரியன் 2ஆம் நூற்றாண்டில் தன் குடிப்பெயரால் நகருக்கு இட்ட ‘ஏலியா’ என்ற பெயர் ‘ஈலியா’ என அரபுக்கு வந்தது. கி.பி. 638 அளவில் நகர் முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது கலீஃபா உமர் வழங்கியதாகத் தபரீ தம் வரலாற்றில் தரும் உறுதிமொழி, ஈலியா மக்களை விளித்தே அமைந்துள்ளது. அதன் வாசகம் பிற்காலத்ததா என்பது விவாதத்துக்குரியது, பெயர் விவாதத்துக்குரியதன்று. உமையாக்களின் செப்புக்காசுகளிலும், அப்துல் மலிக் காலத்து மைல்கற்களிலும் ஈலியா என்றே பொறிக்கப்பட்டுள்ளது. பாறைக் குவிமாடத்தை எழுப்பிய அதே கலீஃபாவின் அதிகாரிகள், பயணிக்குத் தொலைவு காட்டும்போது உரோமப் பேரரசனின் குடிப்பெயரையே எழுதினர். சாலைக்கு ஒரு பெயரும் தொழுகைக்கு ஒரு பெயரும் வழங்கின.

பாறைக் குவிமாடம் (குப்பத்துஸ் ஸக்ரா) கட்டப்பட்டது ஹிஜ்ரீ 72இல் (கி.பி. 691-92). அதன் உட்புறத்தில் ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்கு ஓடும் பளிங்குச்சில்லுக் கல்வெட்டு, அரபு எழுத்து வரலாற்றுக்கு அடிப்படைச் சான்று. பிற்கால அப்பாசியக் கலீஃபா மஃமூன், அப்துல் மலிக்கின் பெயரை நீக்கித் தன் பெயரைப் பொறிக்கச் செய்தான். ஆண்டை மாற்ற மறந்தமையால் உண்மை தப்பியது. அக்கல்வெட்டு இறைவனின் ஒருமையையும், ஈசா நபி இறைவனின் தூதரே, மகன் அல்லர் என்பதையும் வலியுறுத்துகிறது. இரவுப் பயணத்தைப் பற்றிய வசனம் அதில் இல்லை. இதனைக்கொண்டு அப்பயண நம்பிக்கை அக்காலத்தில் ஜெருசலேமோடு இணைக்கப்படவில்லை என முடிவுசெய்வோர் உளர். அம்முடிவு அளவுக்கு மிஞ்சியது. கிறித்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரில், அவர்தம் கோயில்களுக்கு எதிரே எழுந்த கட்டடம் யாரை நோக்கிப் பேசியதோ, அதற்கேற்ற வசனங்களே அதில் தெரிந்தெடுக்கப்பட்டன எனல் பொருந்தும். இரவுப் பயண வசனம், 1033ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப்பின் ஃபாத்திமியக் கலீஃபா ஸாஹிர் புதுப்பித்த தென்புறத் தொழுகைக் கட்டடத்தின் 1035ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது.

அல் குத்ஸ்

1047இல் இங்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, சிரியா நாட்டாரும் அண்டையோரும் பைத்துல் முகத்தஸைக் ‘குத்ஸ்’ என்கின்றனர் எனக் குறித்துவைத்தார். மக்கள் வழக்காக இருந்த இச்சுருக்கப்பெயரே இன்று அரபு உலகெங்கும் நகரின் பெயர். ‘இல்லம்’ என்னும் தலைச்சொல் உதிர்ந்து, ‘தூய்மை’ என்னும் பண்புப்பெயர் தனித்து நின்றது. தூய நகரம் என்று அடைமொழி தருவது வேறு, தூய்மை என்றே பெயரிடுவது வேறு. நகரின் சிறப்புரைக்கும் நூல்வகையின் தலைப்புகளிலும் இம்மாற்றம் தெரிகிறது: 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஸித்தீ தொகுத்த நூல் ‘பைத்துல் முகத்தஸ்’ என்னும் பெயரைத் தாங்க, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஜீருத்தீன் எழுதிய நகர வரலாறு ‘அல் குத்ஸ்’ என்பதைத் தாங்குகிறது.

அந்நூல்வகையின் பெரும்பகுதி உலக முடிவைப் பற்றியது. இறுதிநாளில் மாந்தர் அனைவரும் திரட்டப்படும் நிலம் (மஹ்ஷர்) இதுவே என்பது நம்பிக்கை. இந்நம்பிக்கை நகரின் நிலத்தோற்றத்திற்கே பெயரிட்டது. மதிற்சுவரின் கிழக்கே உள்ள பள்ளத்தாக்கை ‘வாதீ ஜஹன்னம்’ என்று வழங்குவதை நாஸிர் குஸ்ரோவும் பதிவுசெய்கிறார். நரகத்தைக் குறிக்கும் ‘ஜஹன்னம்’ என்னும் சொல், ‘கே ஹின்னோம்’ என்ற எபிரேய இடப்பெயரிலிருந்து தோன்றியது. நகரின் தெற்கே உள்ள ஹின்னோம் பள்ளத்தாக்கு அது. ஓர் ஊரின் பள்ளத்தாக்கு மறுமையின் நரகத்திற்குப் பெயர் தந்து, அந்நரகப் பெயர் மீண்டும் அதே ஊருக்குத் திரும்பி, அடுத்த பள்ளத்தாக்கின்மேல் இறங்கியது. கிழக்கு மதிலின் அடைபட்ட இரட்டை வாயிலுக்கோ அருள்வாயில் (பாபுர் ரஹ்மா), மன்னிப்பு வாயில் (பாபுத் தௌபா) என்று பெயர். இந்நகரில் அடக்கமாக விரும்பினோர் பலர். இலண்டனில் 1931 ஜனவரியில் மறைந்த கிலாஃபத் இயக்கத் தலைவர் மௌலானா முகம்மது அலியின் உடல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படாமல் இங்கே, அக்ஸா வளாகத்தின் மேற்கு ஓரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அக்ஸா: முழுமையும் பகுதியும்

பைத்துல் மக்திஸ் என்னும் பெயர் கட்டடத்திலிருந்து நகருக்கு விரிந்தது. அக்ஸா என்னும் பெயர் எதிர்த்திசையில் சுருங்கியது. மதில்சூழ்ந்த மேட்டுநிலம் முழுவதும், அதன் முற்றங்கள், குவிமாடங்கள், மரங்கள், நீர்த்தொட்டிகள் உட்பட, அல் மஸ்ஜிதுல் அக்ஸா எனக் கருதப்பட்டது. ஆனால் தென்கோடியில் உமையாக்கள் எழுப்பிய பெரிய தொழுகைக் கட்டடத்தை மட்டும் அப்பெயரால் அழைக்கும் பழக்கம் மக்களிடையே பரவியது. முஜீருத்தீன் இவ்விரு வழக்குகளையும் பிரித்துக் காட்டுகிறார்: மக்கள் மிம்பர் உள்ள கட்டடத்தை அக்ஸா என்கின்றனர், உண்மையில் அப்பெயர் சுற்றுமதிலுக்கு உட்பட்ட அனைத்திற்கும் உரியது என்பது அவர் கூற்றின் சாரம். கட்டடத்தைத் தனித்துச் சுட்ட ‘அல் ஜாமிஉல் கிப்லீ’ (கிப்லாத் திசையிலுள்ள தொழுகைக்கூடம்) என்னும் தொடர் உண்டு.

பெயர் பிறழ்ந்தால் என்னவாகும் என்பதற்குச் சிலுவைப்போரே சான்று. 1099இல் நகரைக் கைப்பற்றியோர் பாறைக் குவிமாடத்தை ஆண்டவரின் ஆலயம் என்றும், தென்புறக் கட்டடத்தைச் சாலொமோனின் ஆலயம் என்றும் இலத்தீனில் பெயரிட்டனர். இரண்டும் உமையாக்கள் கட்டியவை. பின்னதில் தங்கிய துறவிப்படையினர் ஆலயத்தின் வீரர் எனப் பெயர் பெற்றனர். ஐரோப்பா முழுவதும் பரவிய டெம்ப்ளர் என்னும் பெயரின் வேர் இக்கட்டடப் பெயர்க்குழப்பம்தான். ஸலாஹுத்தீன் நகரை மீட்ட 1187 அக்டோபர் 2, ஹிஜ்ரீ 583 ரஜப் 27 ஆகும். இரவுப் பயணத்தின் நினைவுநாளாக மரபு கொண்டாடும் நாள் அது.

முழுமையா, பகுதியா என்னும் வினா இன்று ஏட்டளவில் நிற்பதன்று. பகுதியே அக்ஸா என்றால் எஞ்சிய முற்றம் பொதுவெளி ஆகிவிடும். முழுமையே அக்ஸா என்றால் ஒவ்வொரு கல்லும் தொழுமிடத்தின் கல். ஜோர்தானிய மன்னரும் பாலஸ்தீனத் தலைவரும் 2013இல் செய்துகொண்ட உடன்படிக்கை, அக்ஸா என்பது 144 துனம் (ஏறத்தாழ 14.4 ஹெக்டேர்) பரப்பு முழுவதும் என வரையறுத்தது. யூதர்க்கோ அதே மேடு ஆலயம் நின்ற இடம், அவர்தம் சமயத்தின் தலையாய தலம். 2016 அக்டோபரில் யுனெஸ்கோ தன் தீர்மானத்தில் முஸ்லிம் பெயர்களை மட்டும் ஆண்டபோது இஸ்ரேல் அவ்வமைப்புடனான ஒத்துழைப்பை நிறுத்திவைத்தது. சொல்தேர்வு ஒன்றே அரசுறவுச் சிக்கலான நிகழ்ச்சி இது. இவ்விடத்தைப் பற்றிய செய்தியைப் பெயர்ப்போர் எந்தப் பெயரை எடுத்தாலும் ஒரு பக்கத்தின் சொல்லை எடுத்தவராகின்றனர். மூலத்தில் யார் பேசுகிறார் என்பதைப் பெயர்ப்பில் அழியாமல் காப்பதே செய்யத்தக்கது.

இரண்டில் மூன்றாவது

மம்லூக்கியர் காலம் தொட்டு இவ்வளாகத்திற்கு ‘அல் ஹரமுஷ் ஷரீஃப்’ என்னும் பெயரும் பெருகியது. விலக்கு குறிக்கும் ஹ-ர-ம வேர் இவ்வாறு ஜெருசலேமுக்கு வந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. இப்னு தைமிய்யா (இறப்பு 1328) இதனை மறுத்தார். ஹரம் என்பது சட்டச்சொல். வேட்டையும் மரம் வெட்டுதலும் விலக்கப்பட்ட இடமே ஹரம். மக்காவும் மதீனாவும் அத்தகையன. தாயிஃபின் வஜ் பள்ளத்தாக்கு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஜெருசலேமில் அவ்விலக்கு இல்லை, எனவே அது ஹரம் அன்று என்பது அவர் வாதம். அங்குச் சென்று தொழுவதன் சிறப்பை அவர் மறுக்கவில்லை. மூன்று மஸ்ஜிதுகளுக்கு மட்டுமே வழிபாட்டுப் பயணம் மேற்கொள்ளத்தகும், அவற்றுள் ஒன்று அக்ஸா என்னும் ஹதீஸை அவரும் ஏற்கிறார். அவர் காத்தது சொல்லின் எல்லையை.

இப்பின்னணியில், முஸ்லிம்கள் இந்நகருக்கு வழங்கும் புகழ்த்தொடர் ஊன்றி நோக்கத்தக்கது: ‘ஊலல் கிப்லதைன், ஸாலிஸுல் ஹரமைன்’. முற்பகுதி தெளிவு, இரு கிப்லாக்களுள் முதலாவது. பிற்பகுதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இரு ஹரம்களில் மூன்றாவது’ என வரும். இரண்டில் மூன்றாவது ஏது? பெயர்ப்போர் பலர் இதனைப் பிழையெனக் கருதி ‘மூன்றாவது ஹரம்’ என்று திருத்திவிடுகின்றனர். ஆனால் இது பிழையன்று. அரபில் வரிசையெண் வினையாலணையும் பெயரின் வாய்பாட்டில் அமைவது. தன்னைவிட ஒன்று குறைந்த எண்ணோடு அது சேர்ந்தால், அவ்வெண்ணை அடுத்த எண்ணாக்குவது என்று பொருள்தரும். ஈண்டு ‘இரண்டை மூன்றாக்குவது’. குகைத்தோழர் வரலாற்றைக் கூறும் 18ஆம் அத்தியாயம், மூவரும் அவர்களுக்கு நான்காவதாக அவர்தம் நாயும் எனச் சொல்வோரைக் குறிப்பிடும் இடத்தில் இதனையொத்த அமைப்பே உள்ளது. நான்காவதாய் எண்ணப்பட்டமையால் நாய் மனிதனாகிவிடவில்லை. அதுபோல, இரு ஹரம்களுக்கு மூன்றாவதாய் நிற்பதால் ஜெருசலேம் ஹரம் ஆகியே தீர வேண்டும் என்பதில்லை, ஆகக்கூடாது என்பதுமில்லை. போற்றுவோரும் இப்னு தைமிய்யாவின் வழியினரும் ஒருசேரச் சொல்லத்தக்கதாய் அத்தொடர் அமைந்துள்ளது. தமிழில் ‘இரு ஹரம்களை அடுத்த மூன்றாவது’ என்று பெயர்த்தால் அந்நெகிழ்வு பெரும்பாலும் காக்கப்படும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இரு ஹரம்கள் (ஹரமைன்) என்றால் மக்காவும் மதீனாவும் என்பது பொதுவிதி. மம்லூக்கியர் கால ஆவணங்களில் ‘இரு ஹரம்களின் கண்காணிப்பாளர்’ என வரும் பதவியோ ஜெருசலேமையும் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலமான ஹெப்ரோனையும் சார்ந்தது. விதியை நம்பிப் பெயர்ப்பவர் அப்பதவியாளரை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிடுவார்.

தமிழில்

தமிழில் இப்பொருள் புதிதன்று. ஆலிப் புலவரின் ‘மிகுராசு மாலை’ 1590இல் இயற்றப்பட்டது. ‘மிஃராஜ்’ என்னும் அரபுச்சொல்லின் தொண்டையொலிக்குத் தமிழில் நிகரின்மையால் அவ்விடத்தில் ககரம் நின்று, ஈற்று மெய் உகரம் பெற்று ‘மிகுராசு’ ஆனமை தமிழொலியியலின் இயல்பான தீர்வு. இன்று ஆய்த எழுத்து அத்தொண்டையொலிக்கு ஆளப்படுகிறது. நகரின் பெயரிலோ தமிழ் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது: விவிலியத்தில் எருசலேம், நாளிதழில் ஜெருசலேம், முஸ்லிம்களின் சமய நூல்களில் பைத்துல் முகத்தஸ். குர்ஆனின் தமிழாக்கங்கள் பலவற்றில் மஸ்ஜிதுல் அக்ஸா என்னும் தொடர் பெயராகவே விடப்பட்டு, பைத்துல் முகத்தஸ் என்ற விளக்கம் அடைப்புக்குறிக்குள் சேர்க்கப்படுகிறது. சேய்மைப் பொருள் இதனால் மறைகிறது. அதற்கு ஈடாக வாசகர் இடத்தை உடனே அறிகிறார்.

‘அக்ஸா பள்ளிவாசல்’ என்பதே இன்று தமிழ் இதழ்களில் பெருவழக்கு. பள்ளி என்னும் சொல் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்துப் பின் பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்களுக்கும் உரியதாயிற்று. வாசல் என்னும் கூறு சேர்ந்தபின் சுவரும் கூரையும் வாயிலும் உடைய கட்டடமே மனக்கண்ணில் எழுகிறது. கூரையற்ற 144 துனம் நிலம் ஒரு ‘பள்ளிவாசல்’ என்று தமிழ் வாசகர்க்குத் தோன்றுவதில்லை; ‘அக்ஸா தொழுகைத்தலம்’ என்பது மஸ்ஜிதின் பொருளுக்கு நெருங்கியது. தமிழ் முஸ்லிம்களின் வீட்டுச்சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகள் சிலவற்றில் பொன்னிறப் பாறைக் குவிமாடத்தின் படம் அச்சிடப்பட்டு, அதன்கீழ் ‘மஸ்ஜிதுல் அக்ஸா’ என்று எழுதப்பட்டிருக்கும். அது வேறு கட்டடம், அக்ஸா ஈயநிறக் குவிமாடம் உடையது என்று அறிந்தோர் திருத்துவர். முஜீருத்தீனின் வழக்குப்படி, மதிலுக்குள் உள்ள அனைத்தும் அக்ஸா என்பதால், நாட்காட்டி அச்சிட்டவர் எழுதியதில் பிழையில்லை.